கட்டடத்தின் ஜாதகம்



பெரியகுளத்திலோ, போடிநாயக்கனூரிலோ, உத்தமபாளையத்திலோ பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பிரிக்கும்போது அவ்வழியே செல்ல நேர்ந்தால் சற்று நில்லுங்கள். இறக்கி அடுக்கியிருக்கும் மங்களூர் ஓடுகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதைச் சுட்ட தொழிற்சாலையின் பெயர் அடிப்புறத்தில் அச்சாகப் பதிந்திருக்கும். சிலவற்றில் ஊரின் பெயரையும் காணலாம். பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார்கள். அதன்பின் மேற்குக் கரை நெடுகத் தோன்றிய தொழிற்சாலைகளும் தத்தம் பெயரை ஓட்டிலே பொறித்தன. விளம்பரத்துக்காகப் பொறித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த விளம்பரம் அவர்கள் எண்ணாத ஒரு நன்மையையும் செய்தது. இன்ன இடத்து ஓடு, இன்ன அளவு, ஒன்றோடொன்று இன்னவாறு பொருந்தும் என்பது பெயரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. ஆகையால் வீட்டின் மேலிருந்து இறங்கிய ஓடு குப்பைக்குப் போவதில்லை. மாட்டுக் கொட்டகைக்கோ, தோட்டத்து அறைக்கோ போய் இன்னும் ஒரு தலைமுறைக் காலம் மழையைத் தடுத்து நிற்கிறது.

இருப்புப்பாதைக்கும் இதே சிறப்பு உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் போடப்பட்ட மீட்டர் பாதை, இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டது என்றும், போர் முடிந்தபின் 1950-களில் மீண்டும் இடப்பட்டது என்றும் ஊர்ப் பெரியவர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். அதே பாதை அகலப்பாதையாக மாறுவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடிக்கும் புதிய பாதையில் ரயில் வந்து சேர்ந்தது. தண்டவாளம் ஒன்றின் விலாப்புறத்தை உற்று நோக்குங்கள். அதை உருட்டிய ஆலை எது, உருட்டிய ஆண்டு எது, எடைவகை யாது என்பவை புடைப்பெழுத்தாக நிற்கும். ஆதலால் ரயில் ஓடுவதற்கு உதவாமற் போன பிறகும் தண்டவாளம் கழிபொருள் ஆவதில்லை. கொட்டகைக்குத் தூணாகவும் வேலிக்குக் கம்பமாகவும் அது நிற்பதை நம் நாடெங்கும் காண்கிறோம்.

நான் சோதிடத்தில் நம்பிக்கை உடையவன் அல்லன். எனினும், ஒரு பொருள் தன் பிறப்புக் குறிப்பைத் தன்னுடனே சுமந்து வருவதற்கு ஜாதகம் என்பதைவிடப் பொருத்தமான சொல் நம் வழக்கில் எனக்குக் கிடைக்கவில்லை. ஜாதகம் உள்ள பொருளுக்கு மறுவாழ்வு உண்டு. ஜாதகம் இல்லாத பொருளுக்கு இடிபாடே கதி. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்தி இவ்வளவே.

வெட்டி எடுப்பது, பயன்படுத்துவது, எறிவது என்று நேர்கோட்டில் போகும் பொருளியலை வளைத்து, பயன்படுத்தியதை மீண்டும் பயனுக்கே கொண்டுவருவதை அறிஞர்கள் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். பெயர் புதிது, செயல் நம்மிடம் பழையது. கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். மண்சுவர் இடிந்தால் அம்மண்ணையே குழைத்து மறுபடியும் சுவர் வைத்தார்கள். உத்தரமும் நிலையும் தகப்பன் வீட்டிலிருந்து மகன் வீட்டுக்குப் போயின. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவுக்குச் சென்றால், பிரித்த வீடுகளின் தூணும் கதவும் இன்றும் விலைக்கு நிற்கக் காணலாம்.

அந்த நாளில் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையால் இணைத்தார்கள். காரை செங்கல்லைவிட மென்மையானது. ஆகவே சுவரைப் பிரிக்கும்போது காரை உதிரும், கல் முழுதாக வந்துவிடும். சிமெண்டுக் கலவையோ பெரும்பாலும் நம் நாட்டுச் செங்கல்லைவிட வலிமையுடையது. சுவரைப் பிரிக்க முற்பட்டால் கல் உடையும், கலவை உடையாது. இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் 2019-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு குடியிருப்பில், பழைய பீர் ஆலையின் செங்கற்சுவர்களைப் பயன்படுத்த விரும்பினார்கள். சிமெண்டுக் கலவையிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்க இயலவில்லை. ஆகவே, சுவரையே பலகை பலகையாக இயந்திரத்தால் அறுத்து, அப்பலகைகளைப் புதிய கட்டடத்தின் முகப்பாக நிறுத்தினார்கள். அழகிய யுக்திதான், ஆயினும் அதற்கு ஆகும் செலவை நம் ஊரில் யார் தாங்குவார்?

சிமெண்டைப் பற்றி இன்னும் ஒரு சொல். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டுச் சிமெண்டு செய்கிறார்கள். கல்லிலிருந்து வெளிப்படுவதும், எரிபொருளிலிருந்து எழுவதுமாக, உலகில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இந்த ஒரு தொழிலால் உண்டாகிறது. நீருடன் கலந்து இறுகிய சிமெண்டை உடைத்துப் பொடித்தாலும் அது பழைய சிமெண்டு ஆகிவிடாது. உடைத்த கான்கிரீட்டிலிருந்து ஜல்லி கிடைக்கும், மணல் போன்ற துகள் கிடைக்கும். ஆனால் அதில் எரிந்த நெருப்பு திரும்பக் கிடைக்காது. ஆகையால் கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்குவது கடைசி வழியே. கட்டியதை நெடுங்காலம் காப்பதே முதல் வழி. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுசுழற்சி என்ற சொல்லின் கவர்ச்சியில் பலரும் இதைத் தலைகீழாக்கி விடுகிறார்கள்.

சின்னமனூரில் தளம் போட்ட ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவரிடம் சில காலத்துக்கு முன் பேசிக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர். ஒரு மரத்துண்டைத் தட்டிப் பார்த்தே அது தேக்கா, வேங்கையா, பலாவா என்று சொல்லிவிடுவார். அத்தகையவர் கான்கிரீட்டுத் தளத்தைக் காட்டிச் சொன்னார்: “அய்யா, இதுக்குள்ள எத்தனை கம்பி, என்ன கம்பின்னு யாருக்குத் தெரியும்? உடைச்சாத்தான் தெரியும். உடைச்ச பிறகு தெரிஞ்சு என்ன பண்ண?”

இந்தக் கேள்வியில் இத்துறையின் சிக்கல் முழுவதும் அடங்கிவிட்டது. தளத்துக்குள் இருக்கும் முறுக்குக் கம்பியிலும் ஆலையின் பெயரும் தரமும் புடைப்பாகப் பதிந்தே இருக்கின்றன. ஆனால் கான்கிரீட்டு அதை மூடிவிட்டது. பெயர் இருந்தும் படிக்க முடியாத பெயர். தெரியாத பொருளை எந்தப் பொறியாளரும் நம்பமாட்டார். ஆகவே கம்பி உருக்காலைக்கு எடைக்குப் போகிறது. சில இடங்களில், தரம் அறியாமலே நிமிர்த்தி, ஏழை வீட்டுத் தளத்தில் வைத்துவிடுகிறார்கள். இது முன்னதைவிடத் தீமையானது. எஞ்சிய கான்கிரீட்டோ இரவோடு இரவாகக் கண்மாய்க் கரைக்கும் ஓடைக்கும் போய்ச் சேருகிறது. மழைநீர் வரும் வழியைத் தூர்த்துவிட்டு, பிறகு கண்மாய் நிறையவில்லை என்று வருந்துகிறோம்.

பொருளின் பிறப்பை அறிந்தவர்கள் அதை எவ்வளவு காலம் காக்கலாம் என்பதற்கு நம் பள்ளத்தாக்கின் வாழ்வுக்கே காரணமான ஒன்றைச் சான்றாகக் காட்டுகிறேன். முல்லைப் பெரியாற்று அணை கேரளத்தின் எல்லைக்குள் மலைமேல் இருக்கிறது. அதன் நீர் சுரங்கத்தின் வழியே இறங்கிக் கம்பத்தின் வயலை நனைக்கிறது. பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த வேலை அது. 176 அடி உயரமுள்ள அவ்வணையின் உள்ளீடு சிமெண்டு அன்று. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட்டு. சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணைப் பொடித்த பொடி. உடைந்த செங்கல்லையும் இவ்வாறே பொடித்துக் காரையில் சேர்ப்பது நம் கொத்தர்களின் பழைய வழக்கம்.

அணையைக் கட்டிய பொறியாளர்களுள் ஒருவரான மெக்கன்சி, அப்பணியின் வரலாற்றை முழு நூலாகவே எழுதினார். 1899-இல் சென்னையில் அரசாங்க அச்சகம் அதை வெளியிட்டது. எண்பது ஆண்டு கழிந்து, 1979-இல் அணையின் வலிமையைப் பற்றி ஐயம் எழுந்தபோது, நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்துவிட்டு வலுப்படுத்தும் பணியைத் தொடங்கினார்கள். மேலே கான்கிரீட்டுத் தொப்பி வைத்து எடையைக் கூட்டினார்கள். எஃகு வடங்களை அணையினூடே இறக்கி அடிப்பாறையோடு பிணைத்தார்கள். பின்புறம் கான்கிரீட்டு அணைசுவர் எழுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் 2010-இல் அமைத்த குழு பலவகை ஆய்வுகளை நடத்துவித்து 2012-இல் அறிக்கை தந்தது. 2014 மே 7 அன்று, 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. இரு மாநிலங்களுக்கிடையே உள்ள வழக்கில் நுழைவது இன்று என் வேலையன்று. நான் சொல்ல வந்தது வேறு. எதனால் ஆனது, எவ்வாறு ஆனது என்ற குறிப்பு கையில் இருந்தால், நூறாண்டு கடந்த கட்டடத்துக்கும் மருத்துவம் பார்க்க முடியும். குறிப்பில்லாத கட்டடத்துக்கு முப்பதாம் ஆண்டிலேயே இடிப்பதைத் தவிர வேறு வழி தோன்றுவதில்லை.

இனி, கணிப்பொறி இங்கே என்ன செய்யும் என்று பார்ப்போம். மெக்கன்சியின் நூல் போன்ற ஒன்றை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத எவராலும் ஆகாது. ஆனால் கணிப்பொறிக்கு அது பெரிய சுமையன்று. இன்று பெரிய கட்டடங்களை வரைபவர்கள் கோடுகளை மட்டும் வரைவதில்லை. சுவர், தூண், சன்னல் ஒவ்வொன்றையும் அதன் அளவு, பொருள், தரம், செய்த நிறுவனம் ஆகிய குறிப்புகளோடு கூடிய உருவமாகக் கணிப்பொறியில் எழுப்புகிறார்கள். இதைக் கட்டடத் தகவல் மாதிரி என்பர். இந்தக் குறிப்புகளைத் தனியே திரட்டினால் கட்டடத்தின் ஜாதகம் வந்துவிடும். ஐரோப்பியர் அதற்குப் பொருட் கடவுச்சீட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2017-இல் தொடங்கப்பட்ட ‘மடாஸ்டர்’ என்னும் அமைப்பு இத்தகைய சீட்டுகளைச் சேர்த்துவைக்கும் பதிவேடாக விளங்குகிறது. நிலத்துக்குப் பத்திரப் பதிவு அலுவலகம் இருப்பதுபோலப் பொருளுக்கும் ஒரு பதிவு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நாட்டிலே ஆம்ஸ்டர்டாம் நகரில் 2016-இல் தற்காலிக நீதிமன்றம் ஒன்றைக் கட்டினார்கள். சில ஆண்டுகளில் அது வேண்டாததாகிவிடும் என்பது கட்டும்போதே தெரியும். ஆகவே பிரித்தெடுப்பதற்கு ஏற்றவாறே திருகாணிகளால் இணைத்து அமைத்தார்கள். நிரந்தர நீதிமன்றம் தயாரானதும் தற்காலிகக் கட்டடத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, என்ஸ்கெடே என்ற வேறோர் ஊருக்குக் கொண்டுசென்று அலுவலகமாக நிறுத்திவிட்டார்கள். போடி இருப்புப்பாதையின் கதையும் இதுவே அல்லவா!

பழைய கட்டடத்துக்கு, பிறந்தபோது எழுதாத ஜாதகத்தை இப்போது கணித்து எழுதவும் கருவிகள் உண்டு. லேசர் ஒளியை நாற்புறமும் வீசி ஒரு வீட்டின் அளவுகளை முப்பரிமாணத்தில் எடுத்துவிடலாம். பல கோணங்களில் எடுத்த கைப்பேசிப் படங்களைக் கோத்தும், சற்றுக் குறைந்த நுட்பத்தோடு அதைச் செய்யலாம். மீயொலியைச் செலுத்திக் கான்கிரீட்டின் உள்ளுறுதியைக் கணிக்கலாம். காந்தத்தின் துணையால் கம்பி இருக்கும் இடத்தை உடைக்காமலே அறியலாம். உடைத்த குவியலில் மரம் எது, கல் எது, உலோகம் எது என்று கேமராக் கண்ணால் கண்டு இயந்திரக் கையால் பொறுக்கும் கருவிகளைப் பின்லாந்து நாட்டார் ஆக்கியிருக்கிறார்கள். கொத்தனாரின் கேள்விக்கு முழு விடை இவற்றில் இல்லை. எனினும், உடைப்பதற்கு முன்பே ஓரளவு தெரிந்துகொள்ளலாம் என்ற நிலை வந்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டங்களும் சும்மா இருக்கவில்லை. உடைத்த கான்கிரீட்டிலிருந்து செய்த ஜல்லியை, கம்பி இல்லாத கான்கிரீட்டில் நூற்றுக்கு 25 பங்கு வரையிலும், எம் 25 தரத்துக்கு மேற்படாத கம்பிக் கான்கிரீட்டில் 20 பங்கு வரையிலும் சேர்க்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் 2016-இல் அனுமதித்தது. அதே ஆண்டில் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளும் வந்தன. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பிரித்துப் பயன்படு பொருளாக்கும் நிலையங்கள் அமைந்தன. பிறகு 2025-இல் மத்திய அரசு புதிய விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களை எழுப்புவோர், தங்கள் கழிவுக்குத் தாமே பொறுப்பேற்று, கணிப்பொறி வழியே ஒரு மையப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

நல்ல விதிதான். ஆனால் 20,000 சதுர மீட்டர் என்பது இரண்டு லட்சம் சதுர அடிக்கும் அதிகம். ஆண்டிபட்டியிலும் கூடலூரிலும் அப்படி எத்தனை கட்டடங்கள் எழும்? நம் கண்மாய்க்குள் கொட்டப்படுவது சிறு வீடுகளின் இடிபாடு. அச்சிறு வீடுகளைச் சட்டத்தின் பெருவலை பிடிக்காது. அவற்றுக்கு வேறு கண்ணி வேண்டும்.

அக்கண்ணி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், இணையத்தின் வழியே சுயசான்று அளித்து உடனே அனுமதி பெறும் முறை வந்திருக்கிறது. அதாவது, சிறு வீட்டின் வரைபடமும் அரசாங்கத்தின் கணிப்பொறிக்குள் போய்விட்டது. அந்த வரைபடத்தோடு இன்னும் ஒரே ஒரு பக்கத்தைச் சேர்த்தால் போதும். என்ன கம்பி, என்ன சிமெண்டு, கலவையின் அளவு என்ன, தளம் போட்ட நாள் எது, கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்ற குறிப்புகள் அப்பக்கத்தில் இருந்தால், ஐம்பது ஆண்டுக்குப் பின் அவ்வீட்டைப் பிரிப்பவர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவராக நிற்கமாட்டார். இறுதியாகச் சொன்ன குறிப்பு எல்லாவற்றினும் முக்கியமானது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்கும்போது பறக்கும் நுண்ணிழை நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கும் காரணமாகும். இடிப்பவர் கூலித் தொழிலாளி. தாம் உடைப்பது யாது என்று அவருக்கு முன்னமே தெரியவேண்டும்.

இதனால் வாணிபத்துக்கும் வழி பிறக்கும். இன்று வீட்டை இடிக்க எடுப்பவர் மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொண்டு, விலைபோகும் மரத்தையும் கம்பியையும் எடுத்துச் செல்கிறார். மற்றவற்றை வாங்குபவர் எங்கேனும் இருக்கக்கூடும். ஆனால் யார் என்று தெரியாது, காத்திருக்கவும் நேரம் இல்லை. பதினைந்து நாள் முன்னதாகவே, இன்ன வீட்டில் இத்தனை சன்னல், இத்தனை கடப்பைக் கல், இத்தனை ஓடு வருகின்றன என்று படத்துடன் கைப்பேசியில் அறிவித்துவிட்டால், கம்பத்துச் சன்னலைப் பெரியகுளத்தார் வந்து கேட்பார். வண்டி ஒருமுறை போனால் போதும்.

ஆயினும் கணிப்பொறியைக் கண்மூடி நம்புவதற்கில்லை. மெக்கன்சியின் நூலை இன்றும் எடுத்துப் படிக்கலாம். முப்பது ஆண்டுக்கு முன் ஒரு பொறியாளர் நெகிழ்வட்டில் எழுதிவைத்த வரைபடத்தைத் திறக்க இன்று கருவி தேடி அலைய வேண்டும். வீட்டின் ஆயுள் ஐம்பது, அறுபது ஆண்டு. மென்பொருள் நிறுவனத்தின் ஆயுளை யார் அறிவார்? ஆகவே எந்த நிறுவனத்துக்கும் தனியுரிமை இல்லாத பொது வடிவில் இக்குறிப்புகள் இருக்கவேண்டும். அத்தகைய வடிவம் ஒன்றைச் சர்வதேசத் தர அமைப்பு ஏற்றுக்கொண்டு வழங்கி வருகிறது. அதோடு, ஒரு பிரதியைக் காகிதத்தில் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுவது என் போன்ற பழமையாளரின் யோசனை. பொய் ஜாதகம் எழுதுவாரும் இருப்பர் என்பதையும் மறக்கலாகாது. பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி என்று எழுதிவிட்டுப் பத்து மில்லிமீட்டர் வைத்தால், கணிப்பொறி அதை அறியாது.

அதற்கு ஒரு காவல் உண்டு, செலவும் இல்லை. தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்து கான்கிரீட்டுப் போடும் நாள் காலையில், கலவை இயந்திரம் வந்து சேருமுன் ஒரு மணி நேரம் கிடைக்கும். அப்போது பலகையின்மேல் ஏறி, ஒவ்வொரு கம்பிக்கட்டின் அருகிலும் அளவுநாடாவை வைத்து, கம்பியின்மேல் உள்ள புடைப்பெழுத்தும் தெரியும்படி, கைப்பேசியில் படம் எடுத்துவிடலாம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ தளம் போடும் நாள் வந்தால் கொத்தனாரிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள். பத்து மணிக்குமேல் அந்த எழுத்தை மறுபடி எவரும் பார்க்க முடியாது.